20 பைட் பேக்கப்

சாயங்காலம் ஆறே முக்கால் மணிக்குக் கிண்டியில் ஏறினால் பெண்கள் பெட்டியில்கூட நிற்கத்தான் இடம் கிடைக்கும். ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கையில் ஃபோன். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, சைட் போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா? பேஜே திறக்கலையா, இல்ல எரர் வருதா?"

"500 எரர் வருதுக்கா. கஸ்டமர் ரெண்டு வாட்டி கூப்பிட்டுட்டார்."

"சர்வர்ல நுழைஞ்சிட்டியா? டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பாக்க டிஎஃப் அடி. டி, எஃப், ஸ்பேஸ், ஹைஃபன், சின்ன ஹெச்."

பரங்கிமலை போய்ப் பழவந்தாங்கல் வந்தது.

"நூறு பர்சன்ட்க்கா. அதை நான் அப்பவே பாத்துட்டேன். லாக் ஃபைல் ஒண்ணு மட்டும் 19 ஜிபி இருந்துச்சு. ஆர்எம் போட்டு அழிச்சிட்டேன். அழிச்ச பிறகும் நூறுதான் காட்டுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பல வருஷம் முன்பு நானும் இதே மாதிரி அழித்துவிட்டு, திருதிருவென்று விழித்து, கடைசியில் சர்வரையே ரீஸ்டார்ட் பண்ணி, "சரி பண்ணிட்டேன் சார்" என்று பெருமையாகச் சொன்னவள்தான். எதனால் சரியானது என்று அன்றைக்குத் தெரியாது.

லினக்ஸில் ஃபைலின் பெயர் என்பது வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை மாதிரி. ஆர்எம் செய்வது அந்தப் பலகையைக் கழற்றுவது மட்டுமே. உள்ளே குடித்தனக்காரர் இருக்கும்வரை வீடு காலியாகாது. அந்த லாக்கில் (நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஃபைல்) எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போனதெல்லாம் அதற்குத் தெரியாது, அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். டியு கட்டளை பலகைகளை எண்ணிக் கூட்டும். டிஎஃப் வீடுகளை எண்ணும். இரண்டும் இரண்டு கணக்குச் சொன்னால், பலகை இல்லாத வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று பொருள்.

"எல்எஸ்ஓஎஃப், ஸ்பேஸ், பிளஸ், பெரிய எல், ஒண்ணு. சூடோ போட்டு அடி, பேர் போயும் திறந்தே இருக்கிற ஃபைலைக் காட்டும். 'டிலீட்டட்'னு ஒரு லைன் வரும், பார்."

"வருதுக்கா. நம்ம நோட்ஜேஎஸ் ஆப்தான் பிடிச்சிட்டிருக்கு."

"அதை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணு. சர்வரை இல்ல, ஆப்பை."

திரிசூலத்தில் லைன் கட்டானது. பல்லாவரத்தில் மெசேஜ் வந்தது: 48 பர்சன்ட்.

மறுநாள் அவனிடம் சொன்னவை இவை. (கட்டளைகளை ஃபோனில் சொல்லியே பழகிவிட்டதால் இங்கேயும் காதுக்கு எழுதுகிற மாதிரிதான் வருகிறது.) ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை அழிக்காதே, காலி செய். ட்ரங்கேட், ஹைஃபன் எஸ், ஜீரோ, பிறகு ஃபைல் பெயர். வீடு அப்படியே இருக்கும், சாமான் மட்டும் போய்விடும். தவறி முக்கியமான ஃபைலையே அழித்துவிட்டாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் உயிரோடு இருக்கும்வரை பதற வேண்டாம். ப்ராக் டைரக்டரிக்குள் அந்த புராசஸ் எண்ணுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் எஃப்டி என்று ஒன்று. அங்கிருந்து சாதாரணமாகக் காப்பி எடுத்துவிடலாம். இதைத் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்தால்தான் உண்மையிலேயே போகும். பழைய லாக்கைத் தானாகச் சுழற்றி அழிக்கும் லாக்ரொட்டேட்டில் நம்முடைய ஆப்புக்கும் நாலு வரி எழுதி வைத்திருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸுக்கு அது தானாகவே வரும். நாம் எழுதும் ஆப்புக்கு யார் எழுதுவார்கள்?

இடம் நிறைய இருந்தும் "இடமில்லை" என்று வந்தால் டிஎஃப் ஹைஃபன் ஐ. வீட்டு மனை மிச்சமிருக்கும், கதவு எண்தான் (ஃபைலுக்கு ஒன்றாகத் தரப்படும் ஐநோட்) தீர்ந்திருக்கும். எனக்கு ஒரு முறை நடந்தது. யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று குறித்துவைக்கும் பிஎச்பி செஷன் ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தேன். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் பழைய செஷன்களைக் கூட்டித் தள்ளுவது பிஎச்பி கிடையாது. அதற்கென்று தனியாக நேரம் வைத்து ஓடும் ஒரு வேலை உண்டு. என் புதுக் ஃபோல்டர் அதற்குத் தெரியாது. லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்கள். ஆர்எம் ஸ்டார் போட்டால் "பட்டியல் மிக நீளம்" என்று மறுத்துவிட்டது. ஃபைண்ட் கட்டளையோடு ஹைஃபன் டிலீட் சேர்த்து விட்டுவிட்டுக் கீழே போய் டீ குடித்து வந்தேன்.

ரயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒன்று: டிமக்ஸ் இல்லாமல் எஸ்எஸ்ஹெச் (தூரத்துச் சர்வருக்குள் நுழையும் வழி) வேண்டாம். உள்ளே நுழைந்ததும் முதல் வேலை டிமக்ஸ். லைன் கட்டானாலும் உள்ளே ஓடுவது ஓடும், வீட்டுக்குப் போய் அட்டாச் பண்ணி விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். அப்கிரேட் பாதியில் இணைப்பு அறுந்து, பேக்கேஜ் மேனேஜர் பாதி விழுங்கிய சோற்றோடு நின்ற சர்வரை ஒரு முறை சரிசெய்தவர்களுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. ஃபயர்வாலும் அப்படியே. உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவை எனேபிள் செய்யும் முன் எஸ்எஸ்ஹெச் போர்ட்டைத் திறந்துவிட்டோமா என்று பார்த்து, இரண்டாவது ஜன்னலில் இன்னொரு லாகினைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். நான் கூடுதலாக இன்னொன்றும் செய்வேன்: "ஐந்து நிமிஷம் தூங்கு, பிறகு ஃபயர்வாலை அணை" என்று டிமக்ஸில் ஓடவிட்டுவிட்டுத்தான் விதிகளைத் தொடுவேன். எல்லாம் சரியென்றால் அந்தத் தூக்கத்தைக் கலைத்துவிடலாம். சரியில்லையென்றால் ஐந்து நிமிஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

777 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 403 (உள்ளே வர அனுமதி இல்லை) வந்தால், எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் சிஎச்மாட் 777 என்பது நம் ஊரில் ஜுரத்துக்குப் பாராசிட்டமால் மாதிரி ஆகிவிட்டது. தம்பியும் வந்த புதிதில் போட்டான், அப்போதும் 403 போகவில்லை. நேம்ஐ, ஹைஃபன் எல், பிறகு ஃபைலின் முழுப் பாதை: இந்தக் கட்டளை ரூட்டிலிருந்து ஃபைல் வரைக்கும் வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையையும் வரிசையாகக் காட்டிவிடும். பூட்டு ஃபைலில் இல்லை, நாலு படி மேலே அவனுடைய ஹோம் டைரக்டரியில் இருந்தது. உபுண்டு 21.04லிருந்து புது யூசரின் ஹோம் டைரக்டரி 750ஆகத்தான், அதாவது வெளியாருக்கு உரிமை இல்லாமல்தான், உருவாகிறது. அதற்கு முன்னால் எழுதிய பாடங்களை வரி பிசகாமல் பின்பற்றினாலும் என்ஜின்எக்ஸால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. நல்ல வழி, சைட்டை ஹோமில் வைக்காமல் வார் டைரக்டரிக்குள் வைப்பது.

இனி, நான் சொல்ல வெட்கப்படும் கதை.

வேளச்சேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். பில்லும் ரிப்போர்ட்டும் ஓடும் சாஃப்ட்வேர் நாங்கள் எழுதியது. வெளியே சர்வர் வாடகைக்கு எடுக்க அவர்களுக்கு மனமில்லை. "டேட்டா நம்ம கண் முன்னாடி இருக்கணும்மா" என்றார் முதலாளி. ஆகவே தரைத்தளத்தில், பில் போடும் மேஜைக்குக் கீழே, உபுண்டு போட்ட ஒரு சிபியூ. தினமும் ராத்திரி பதினொன்றுக்கு டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து, ஜிஜிப்பில் சுருக்கி, வெளியூரில் இருக்கும் எங்கள் சர்வருக்கு அனுப்பும் ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை). அங்கே கடைசி 30 நாள் ஃபைல்கள் இருக்கும், அதற்கு மேல் பழையவை தானாக அழியும். ஃபைல் வந்து சேர்ந்ததா என்று காலையில் பார்த்து எனக்கு "ஓகே" என்று மெசேஜ் அனுப்ப ஒரு குட்டி ஸ்கிரிப்ட்டும் எழுதியிருந்தேன். தினமும் பல் தேய்க்கும்போது அந்த "ஓகே" வரும். மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். வேளச்சேரி எப்படி இருந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாள் மழை வலுக்கும்போதே அங்கிருந்த ஊழியர்கள் சாமான்களை மேலே ஏற்றியிருக்கிறார்கள். பிரிண்டரைத் தூக்கி வைத்தார்கள், யூபிஎஸ்ஸைத் தூக்கி வைத்தார்கள். மேஜைக்கு அடியில் இருந்த சிபியூ யார் கண்ணிலும் படவில்லை. இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது.

முதலாளி கூப்பிட்டபோது நான் ரொம்பத் தெம்பாகவே பேசினேன். "கவலைப்படாதீங்க சார், தினசரி பேக்கப் வெளியில இருக்கு. வேற மெஷின் ரெடி பண்ணுங்க, அரை மணி நேரத்துல ஏத்திடறேன்."

நெட் வந்ததும் எங்கள் சர்வரில் நுழைந்து எல்எஸ் அடித்தேன். முப்பது ஃபைல். ஒவ்வொன்றுக்கும் சரியான தேதி. ஒவ்வொன்றும் 20 பைட்.

20 கேபி இல்லை, 20 எம்பி இல்லை. ஒன்றுமே இல்லாததை ஜிஜிப்பில் சுருக்கினால் சரியாக 20 பைட் வரும். சந்தேகம் இருந்தால் எப்போதும் காலியாகவே இருக்கும் டெவ் நல்லை ஜிஜிப்புக்குள் விட்டு, டபிள்யூசி ஹைஃபன் சி போட்டு எண்ணிப் பாருங்கள். நான் அன்றைக்கு மூன்று முறை எண்ணினேன். கை சில்லிட்டுப்போனது.

நடந்தது இதுதான். செப்டம்பரில் யாரோ சொன்னார்கள் என்று டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றினோம். ஆப்பில் மாற்றினேன், பேக்கப் ஸ்கிரிப்ட்டில் மாற்ற மறந்தேன். அன்று முதல் தினமும் மைஎஸ்கியூஎல்டம்ப் "உள்ளே விடமாட்டேன்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பியது. அந்த வெறுங்கையை ஜிஜிப் பயபக்தியோடு சுருக்கியது. ஷெல்லில் குழாய் போட்டு இரண்டு கட்டளைகளை இணைத்தால், கடைசிக் கட்டளை வென்றதா தோற்றதா என்பதுதான் கணக்கு. ஜிஜிப் ஜெயித்தது, ஆகவே ஸ்கிரிப்ட் ஜெயித்தது. ஃபைல் வந்தது, ஆகவே "ஓகே" வந்தது. இதில் கொடுமை, 30 நாளுக்கு மேற்பட்டதை அழிக்கும் வேலை மட்டும் ஒழுங்காக நடந்தது. ஆகஸ்ட் மாதத்து நல்ல பேக்கப்கள் எல்லாவற்றையும் என் ஸ்கிரிப்ட்டே ஒவ்வொன்றாக அழித்து முடித்திருந்தது.

ஸ்கிரிப்ட்டின் தலையில் செட், ஹைஃபன் ஈஓ, பைப்ஃபெயில் என்று ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாளே நின்றிருக்கும். ஒரே ஒரு வரி.

தண்ணீர் வடிந்ததும் தம்பியும் நானும் போய் சிபியூவைத் திறந்தோம். சேறும் ஒரு செத்த கரப்பானும். உள்ளே எஸ்எஸ்டி. அதைக் கழற்றி, வீட்டில் அரிசி டப்பாவுக்குள் வைக்கலாம் என்று அவன் அம்மா சொன்னதைக் கேட்காமல், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்தார்.

"மேடம், கரண்ட் குடுத்துப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"ஒருக்கா கூட?"

"இல்லைங்க, தொடவே இல்ல."

"அப்ப பொழைச்சீங்க." அவ்வளவுதான் பேசினார்.

மழை ஆரம்பித்ததுமே அந்தத் தெருவில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள், யூபிஎஸ்ஸும் தீர்ந்திருந்தது. தண்ணீர் ஏறும்போது மெஷினில் கரண்ட் இல்லை. அவர் உறையைப் பிரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பலகையைக் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, ஒரு யுஎஸ்பி பெட்டியில் போட்டுக் கொடுத்தார். வந்துவிட்டது. எல்லாம். அந்த இரண்டு நாளில் நான் சாப்பிட்டது எதுவும் நாக்கில் நிற்கவில்லை. நனைந்த எந்தச் சாமானுக்கும் "வேலை செய்யுதான்னு சும்மா ஒரு வாட்டி" கரண்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஈரத்தைவிட அந்த ஒரு வாட்டிதான் ஆளைக் கொல்லும்.

இப்போது எங்கள் பேக்கப் இப்படி நடக்கிறது. ஸ்கிரிப்ட்டில் பைப்ஃபெயில் இருக்கிறது. டம்ப் ஒழுங்காக முடிந்தால் மைஎஸ்கியூஎல்டம்ப் கடைசி வரியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று தேதியோடு எழுதும். அந்த வரி இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கும். அளவு நேற்றையதைவிடப் பாதிக்கும் கீழே போனால் கத்தும். புதியது தேறினால்தான் பழையது அழியும். மாதத்துக்கு ஒன்று அழியாமல் தனியே இருக்கும். காலை "ஓகே"வை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் ஃபைல் எத்தனை எம்பி, கடைசி பில் எண் என்ன என்று வருகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை தம்பி தன் லேப்டாப்பில் முழுசாக ரெஸ்டோர் செய்து காட்ட வேண்டும். ரெஸ்டோர் செய்து பார்க்காததை இனிமேல் பேக்கப் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

கிரான் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. டெர்மினலில் ஓடும், கிரானில் ஓடாது என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, கிரானுக்கு நம்முடைய பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) தெரியாது. கட்டளைகளுக்கு முழு முகவரி கொடுங்கள். இரண்டாவது ரொம்ப நுணுக்கம். ஃபைல் பெயரில் தேதி சேர்க்க டேட் கட்டளையில் சதவீதக் குறி போடுவோம் இல்லையா? கிரான் வேலைகளை எழுதும் கிரான்டாப்பில் சதவீதக் குறி வந்தால் அது வரி உடைந்ததாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் கட்டளையில் சேராது, உள்ளீடாகப் போய்விடும். முன்னால் பின்சாய்கோடு வைக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்ட்டில் எழுதிவிட்டுக் கிரானில் அதன் பெயரை மட்டும் போட வேண்டும். கிரான் தன் புலம்பலை லோக்கல் மெயிலில்தான் கொட்டும். மெயில் சர்வரே இல்லாத மெஷினில் அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆகவே எரரையும் சேர்த்து ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்புங்கள்.

நேரம் இன்னொரு தலைவலி. வெள்ளத்துக்குப் பிறகு முதலாளியே மனம் மாறி வெளிச் சர்வருக்குச் சம்மதித்தார். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஐந்தேகாலுக்கே வந்து கதவைத் தட்டும் சர்க்கரைக்காரர்களின் பில் எல்லாம் முந்தின நாள் கணக்கில் விழுந்தது. கல்லாவும் ரிப்போர்ட்டும் ஒரு வாரம் ஒத்துப்போகவில்லை. கேஷியர் பாட்டி தன்னைத் திருடி என்று நினைக்கிறார்களோ என்று அழுதுவிட்டார். சேமிப்பது யுடிசியிலேயே இருக்கட்டும். "இன்றைக்கு" எது என்று தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் ஏஷியா/கொல்கத்தா (நம் நேரத்துக்கு மெஷின் வைத்திருக்கும் பெயர்) என்று சொல்லிக் கணக்குப் போடுங்கள். கையால் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாதீர்கள்.

ஏன் கூட்டக் கூடாது என்பதற்கு என்னிடம் அருமையான ஒரு கதை இருக்கிறது. பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு 1900 ஜனவரி 1 என்று போட்டுவிடுவது அந்த நிலையத்தின் வழக்கம். எங்கள் பழைய புரோகிராம் அதிலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்துச் சேமித்தது. திரையில் காட்டும்போது பிரவுசரிடம் விட்டோம். ரிப்போர்ட்டில் எல்லாத் தாத்தா பாட்டிகளும் 1899 டிசம்பர் 31 ராத்திரி 11 மணி 51 நிமிஷம் 10 நொடிக்குப் பிறந்திருந்தார்கள்! எட்டு நிமிஷம் ஐம்பது நொடி எங்கே போனது?

மெட்ராஸ் டைம். இந்திய நேரம் ஐந்தரை என்று ஆனது 1906 ஜனவரி 1 முதல். அதற்கு முன் ரயில்கள் எல்லாம் ஓடியது நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்துக் கடிகாரத்தை வைத்து. ஒவ்வொரு லினக்ஸ் மெஷினிலும் இருக்கும் டைம்ஜோன் தரவில் கொல்கத்தா என்ற பெயருக்குள்ளேயே 1870 முதல் 1905 வரைக்கும் எம்எம்டி, அதாவது மெட்ராஸ் மீன் டைம், 5 மணி 21 நிமிஷம் 10 நொடி என்று எழுதியிருக்கிறது. டெர்மினலில் டைம்ஜோனைச் சொல்லும் டீஇசட்டை ஏஷியா/கொல்கத்தா என்று வைத்து, டேட் கட்டளைக்கு 1900 ஜனவரியைக் கொடுத்துப் பாருங்கள். எம்எம்டி என்றே வரும். நுங்கம்பாக்கம் ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து நொடி நினைவுக்கு வரும். பிறந்த தேதியை நேரமில்லாத வெறும் தேதியாகச் சேமித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தமிழில் சைட் செய்பவர்களுக்குத் தனியாகச் சில அடிகள் விழும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தால் தெரியவே தெரியாது.

"தமிழ்" என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து? குழந்தையைக் கேட்டால் மூன்று என்னும். ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் பைட்டாக எண்ணினால் பதினைந்து, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பிஎச்பியில் சும்மா சப்ஸ்ட்ர் போட்டுத் தலைப்பை வெட்டினால், மூன்றில் ஒரு பைட்டை மட்டும் விட்டுவிட்டு வெட்டும். முடிவில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. எம்பி_சப்ஸ்ட்ர் அதைச் சரிசெய்யும். ஆனாலும் புள்ளியை விட்டுவிட்டு வெட்டி "தமிழ" என்று நிறுத்தலாம். பிஎச்பியில் கிராஃபீம்_சப்ஸ்ட்ர், ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல்.செக்மென்டர்: இவை இரண்டும்தான் குழந்தை எண்ணுவதைப் போல எண்ணும்.

இதில் காசும் இருக்கிறது. "உங்கள் ரிப்போர்ட் தயார்" என்று நிலையத்திலிருந்து எஸ்எம்எஸ் போகும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம். தமிழ் என்றால் 70தான். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 வீதம் பிரியும். புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும். வாக்கியத்தை உட்கார்ந்து செதுக்கி, "தங்களுடைய" என்பதை "உங்கள்" ஆக்கி, இரண்டு துண்டை ஒன்றாக்கினோம். மாதச் செலவு பாதியானது. என் கோடிங்கைவிட என் தமிழ் வாத்தியாருக்குத்தான் அந்தப் பெருமை.

மைஎஸ்கியூஎல்லில் யுடிஎஃப்8 என்று பழைய பெயரில் இருப்பது எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும். அதனால்தான் பல வருஷம் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஒருநாள் யாரோ கருத்துப் பெட்டியில் கைகூப்பும் எமோஜி ஒன்றைப் போடுவார்கள், அது நாலு பைட், உடனே எரர். அல்லது அந்த இடத்தோடு வாக்கியம் வெட்டுப்படும். யுடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுங்கள். டேபிளுக்கு மட்டும் மாற்றினால் போதாது. ஆப் பேசும் கனெக்ஷனிலும், டம்ப் எடுக்கும்போதும் அதையே சொல்ல வேண்டும்.

தேடல்தான் என் தலைமுடி நரைத்த இடம். "கோ" என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைச் சுழியும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, மெஷினுக்கு இரண்டு. உள்ளே வருவதையெல்லாம் என்எஃப்சி என்ற ஒரே வடிவமாக்கிச் சேமித்தால் இது தீரும். தீராத ஒன்று, ஔகாரம். "கௌரி" என்று அடிக்க வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி" என்று அடிப்பவர்கள் ஏராளம். உற்றுப் பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாது. எந்த நார்மலைசேஷனும் இதைத் தொடாது, ஏனென்றால் ளகரம் முறையான எழுத்து. ரிசப்ஷனில் மூன்று பெண்கள், மூன்று விதமாக அடித்து, ஒரே அம்மாவுக்கு இரண்டு பதிவு உண்டாக்கி வைத்திருந்தார்கள். தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கத் தனியே ஒரு அட்டவணை எழுத வேண்டியிருந்தது. கூடவே மூன்று மெஷினிலும் லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்ஸில் தமிழ்99 போட்டுக் கொடுத்தேன். 1999இல் இதே சென்னையில் நடந்த மாநாட்டில் பிறந்த விசைப்பலகை. ஒரு வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு என்னைவிட வேகமாக அடித்தார்கள்.

பிடிஎஃப்பில் தமிழ் வராமல் பெட்டி பெட்டியாக வந்தால் சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. நோட்டோ எழுத்துருக்களை நிறுவுங்கள். எழுத்து வந்து, கொம்பு மட்டும் இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் நின்றால், அந்த பிடிஎஃப் லைப்ரரிக்கு எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஹெட்லெஸ் குரோமியத்தில் பக்கத்தைத் திறந்து பிடிஎஃப்பாக அச்சடித்துவிடுங்கள். ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி உள்ளே இருப்பதால் எழுத்தைக் கோக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

சைட்டின் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் பற்றி ஒரு வரி. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனோடு காலாவதி நினைவூட்டல் மெயிலை நிறுத்திவிட்டது. செர்ட்பாட் என்ற புரோகிராம் சான்றிதழைப் புதுப்பித்துவிட்டாலும், என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாவிட்டால் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் ஓடும் டிப்ளாய் ஹூக்கில் ரீலோட் போட்டு வையுங்கள்.

போன சனிக்கிழமை முதல் சனி. மாம்பலத்தில் ஏறியிருந்தேன், ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது. தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, ரெஸ்டோர் ஆயிடுச்சு. கடைசி பில் நேத்து சாயங்காலம் ஏழு நாப்பது."

"டம்ப் கம்ப்ளீட்டட் லைன்?"

"இருக்குக்கா."

"பேரெல்லாம் தமிழ்ல சரியா வருதா?"

"வருது... ஒரு நிமிஷம்க்கா. ஒரு டாக்டர் நோட்ல மட்டும் நடுவுல நாலு கேள்விக்குறி வருது."

"உன் காப்பியில மட்டுமா, லைவ்லயும் அப்படித்தானா?"

அந்தப் பக்கம் கீபோர்ட் சத்தம். சைதாப்பேட்டை பாலத்தின் மேல் வண்டி கடகடத்தது.

"லைவ்ல சரியா இருக்குக்கா. நாலு கைகூப்பு இருக்கு."

"டம்ப் எடுக்கிற லைன்ல கேரக்டர் செட் என்ன போட்டிருக்கோம்னு பார். நான் லைன்லயே இருக்கேன்."